காட்டு ஹாகிஸ்: கதை சொல்ல, உருவம் செய்ய, வேட்டை நடத்த

ஸ்காட்லாந்துக்குப் புதிதாக வருபவர்களின் காதில் உள்ளூர்க்காரர்கள் ஆசையாகச் சுற்றும் பூ, காட்டு ஹாகிஸ். உண்மையில் ஹாகிஸ் என்பது ஒரு சாப்பாடு. ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரல் மூன்றையும் வேகவைத்துக் கொத்தி, ஓட்ஸ் நொய், கொழுப்பு, வெங்காயம், மிளகு சேர்த்துப் பிசைந்து, ஆட்டு இரைப்பைக்குள் அடைத்து அவிப்பார்கள். கதையில்தான் அது மலைச்சரிவில் ஓடும் சடைமுடி விலங்கு. ஒரு பக்கத்துக் கால்கள் நீளம், மறுபக்கத்துக் கால்கள் குட்டை. அதனால் சரிவில் சாயாமல் நின்று மலையைச் சுற்றி ஓடும். ஆனால் ஒரே திசையில்தான் ஓட முடியும்.

இதை ஏனோதானோ என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், ரசிக்கவும் மாட்டார்கள். கதையில் பொய் ஒன்றுதான் இருக்க வேண்டும்: கால்களின் நீளம். மற்ற எல்லாமே அந்த ஒரு பொய்யிலிருந்து கணக்குப் பிசகாமல் பிறக்க வேண்டும். ஸ்காட்லாந்துக்காரர்கள் இதை அப்படித்தான் வளர்த்திருக்கிறார்கள். கிளாஸ்கோவின் கெல்வின்குரோவ் அருங்காட்சியகத்தில் காட்டு ஹாகிஸின் உருவம் ஒன்றை, சமைத்த ஹாகிஸுக்குப் பக்கத்திலேயே காட்சிக்கு வைத்தார்கள். 2007-ல் வெட்டரினரி ரெக்கார்டு என்ற கால்நடை மருத்துவ இதழில், ஹாகிஸின் கர்ப்பத்தை ஸ்கேன் செய்து பார்ப்பது பற்றி ஆய்வுக்கட்டுரை வடிவத்திலேயே ஒரு விளையாட்டுக் கட்டுரை வந்தது. 2003-ல் ஒரு ஹாகிஸ் தயாரிப்பு நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில், ஸ்காட்லாந்துக்கு வந்த அமெரிக்கர்களில் மூன்றில் ஒருவர் இது நிஜ விலங்கு என்றே நம்பியிருந்தார். சொல்பவர்கள் அவ்வளவு சுத்தமாகச் சொல்லியிருக்கிறார்கள்.

முதலில் திசையைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

ஹாகிஸில் இரண்டு வகை. இடப்பக்கக் கால் நீண்டது மேலிருந்து பார்த்தால் கடிகாரம் சுற்றும் திசையில் ஓடும். வலப்பக்கக் கால் நீண்டது அதற்கு எதிர்த்திசையில். கதை சொல்பவர்கள் தடுமாறும் இடம் இதுதான். தமிழ் தெரிந்தவருக்கு இதை நினைவில் வைப்பது எளிது. கோயிலை வலம் வரும்போது வலக்கை சன்னிதிப் பக்கம் இருக்கும், இடக்கை வெளிப்பக்கம் இருக்கும். மலையை வலம் வரும் ஹாகிஸுக்கும் அப்படியே: வலப்பக்கம் உச்சியை நோக்கி, இடப்பக்கம் பள்ளத்தை நோக்கி. பள்ளத்துப் பக்கக் கால்கள்தான் எட்ட வேண்டும், ஆகவே அவை நீளம். வலம் வருவதற்கு இடக்கால் நீளம், இடம் வருவதற்கு வலக்கால் நீளம். இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இரண்டு பேர் சேர்ந்து சொல்வதானால் முன்பே பேசி வைத்துக்கொள்வது அவசியம். ஒருவர் இடது என்றும் மற்றவர் வலது என்றும் சொன்ன கணத்தில் கதை செத்துவிடும்.

சொல்லும் முறை

நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். கேட்பவர் கேட்கட்டும். உணவுப் பட்டியலில் ஹாகிஸைப் பார்த்து “இது என்ன?” என்பார்கள், “இங்கே மலையில் ஓடுவதுதான்” என்று மட்டும் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுங்கள். அடுத்த கேள்வி தானாக வரும்.

மேசையில் உட்கார்ந்து சொல்வதைவிட மலையடிவாரத்தில் நடந்துகொண்டே சொல்வது பத்து மடங்கு நல்லது. மேசையில் கைபேசி இருக்கும். தேடிப் பார்த்தால் அரை நிமிடத்தில் குட்டு உடையும். மலையில் சாட்சிகள் கண்ணெதிரே இருக்கின்றன. செங்குத்தான புல்சரிவை உற்றுப் பாருங்கள். படிக்கட்டு மாதிரி, ஓரடி அகலத்தில், ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடைமட்ட வரிகள் சரிவை முழுக்கச் சுற்றிப் போகும். மண் மெல்ல மெல்லக் கீழே நகர்வதாலும், ஆடுகள் ஒரே மட்டத்தில் மிதித்து நடப்பதாலும் உண்டாகும் தடங்கள் அவை. கேட்பவர் அதுவரை அவற்றைக் கவனித்திருக்க மாட்டார். விரலை நீட்டி, “மேலே ஏறுகிற தடம் ஒன்றாவது இருக்கிறதா பாருங்கள், எல்லாம் சுற்றித்தான் போகிறது” என்று சொல்லுங்கள். சொன்னது நிஜம். அதற்குமேல் ஒன்றும் சேர்க்க வேண்டியதில்லை.

பிறகு கேள்விகள் வரும். வருகிற கேள்விகள் பெரும்பாலும் நான்குதான். சமதரையில் எப்படி நடக்கும்? நடக்காது, குட்டைக்கால் பக்கம் சாய்ந்து, வட்டமடித்துக்கொண்டே இருக்கும். எதிர்ப்பக்கம் திரும்பினால்? நீண்ட கால்கள் மேட்டுப் பக்கம் போய்விடும், குட்டைக்கால்கள் பள்ளத்தில் எட்டாது, உருண்டுவிடும், அப்படித்தான் பிடிக்கிறார்கள். மிருகக்காட்சி சாலையில் ஏன் இல்லை? சமதரைக் கூண்டில் நிற்காது. இரண்டு வகையும் இணையுமா? இதற்கான பதில் மிகப் பழையது, கதையின் உச்சமும் அதுதான்: இணைய வேண்டுமென்றால் ஆண், பெண் பார்க்கும் திசைக்குத் திரும்ப வேண்டும், திரும்பினால் விழுந்துவிடும், அதனால்தான் இரண்டு வகையும் கலக்காமல் பிரிந்தே இருக்கின்றன. பெரியவர்கள் மட்டும் இருக்கும் இடத்தில் சொல்லுங்கள்.

பதில்கள் எல்லாம் அந்த ஒரு காலிலிருந்தே வருவதைக் கவனியுங்கள். சிறகு, கொம்பு, இரவில் ஒளிரும் கண் என்று சேர்க்க ஆசை வரும். சேர்க்காதீர்கள். இரண்டாவது அதிசயம் வந்ததுமே கேட்பவர் முதலாவதைச் சந்தேகிப்பார். லத்தீன் பெயரையும் (ஹாகிஸ் ஸ்காட்டிகஸ் என்பார்கள்) கேட்டால் மட்டும் சொல்லுங்கள். பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலும் ‘தாஹு’ என்று இதே காலமைப்புள்ள மலையாட்டுக் கதை உண்டு. அந்தப் பக்கத்து ஆட்கள் முதல் வரியிலேயே கண்டுபிடித்துச் சேர்ந்துகொள்வார்கள். அவர்களைக் கூட்டாளியாக வைத்துக்கொள்ளுங்கள்.

நிற்கும் உருவம்

கதைக்குக் கண்காட்சி வேண்டுமென்றால் உருவம் செய்யலாம். ஒரு மாலைநேர வேலை. பசை காய ஓர் இரவு.

சரிவின் கோணத்தை முதலில் அளக்க வேண்டும். ஒரு மீட்டர் பலகையைப் புல்லில் சரிவு வாக்கில் படுக்க வைத்து, அதன்மேல் கைபேசியின் மட்டம் பார்க்கும் செயலியை வையுங்கள். பலகை இல்லாமல் நேரே புல்லில் வைத்தால் ஒவ்வொரு குத்துக்கும் ஒவ்வொரு கோணம் காட்டும். இடப்பக்கக் காலுக்கும் வலப்பக்கக் காலுக்கும் நடுவே 12 செ.மீ. இடைவெளி என்று வைத்துக்கொண்டால், 15 டிகிரிச் சரிவுக்கு நீளக்கால் 3.2 செ.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். 20 டிகிரிக்கு 4.4, 25-க்கு 5.6, 30-க்கு 6.9. கணக்கு இதுதான்: கிடைமட்ட இடைவெளியைக் கோணத்தின் டேன் (tan) மதிப்பால் பெருக்குங்கள். இடைவெளியைச் சரிவின்மேல் வைத்து அளப்பது வழக்கமான தவறு. கிடைமட்டமாகத்தான் அளக்க வேண்டும், இல்லையென்றால் உருவம் மேட்டுப் பக்கம் சாய்ந்து நிற்கும். எங்கும் பொருந்த வேண்டும் என்றால் 20 டிகிரிக்குச் செய்யுங்கள். பூங்காச் சரிவு, மலையடிவாரம் இரண்டிலும் ஒத்துப்போகும்.

உடலுக்கு 22 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம், 18 மி.மீ. கனத்தில் ஒரு ப்ளைவுட் துண்டு. அதில் நான்கு மூலைக்கும் 8 மி.மீ. துளை. 8 மி.மீ. உருட்டுக் குச்சி அரை மீட்டர் போதும்: குட்டைக்கால் வெளியே 6 செ.மீ. தெரிய வேண்டும், நீளக்கால் 10.4 செ.மீ.; இரண்டிலும் பலகைக்குள் போக 1.8 செ.மீ. சேர்த்து வெட்டுங்கள். இதைவிட மெல்லிய பலகை எடுத்தால் பிடி போதாமல் கால் ஆடும். மரப்பசை தடவிச் செருகி, ஓர் இரவு விடுங்கள். காய்ந்தபின் பாதங்களை 20 டிகிரி சாய்வாக அறுத்தால் புல்லில் சமமாக அமரும். சதுரமாக விட்டால் விளிம்பில் நின்று தள்ளாடும்.

பலகைமேல் மெத்தை நுரையை வளைவாகச் செதுக்கி ஒட்டி, அதன்மேல் 5 செ.மீ. மயிருள்ள பழுப்புச் செயற்கைத் தோலைப் போர்த்துங்கள். தோலைக் கத்தரிக்கோலால் வெட்டவே கூடாது. கவிழ்த்துப் போட்டு, பின்பக்கத் துணியை மட்டும் பிளேடு நுனியால் கீறி, இரண்டு கையாலும் மெதுவாகப் பிரித்தெடுங்கள். கத்தரிக்கோல் மயிரையும் சேர்த்து நறுக்கிவிடும். தையல் ஓரம் முழுக்க மொட்டை மொட்டையாக நின்று பொம்மை என்று காட்டிக்கொடுக்கும். பிளேடால் கீறினால் இரண்டு ஓரத்து மயிரும் தையலின்மேல் விழுந்து மூடிக்கொள்ளும். மயிர் தலையிலிருந்து வாலை நோக்கிப் படிய வேண்டும். வயிற்றுப் பக்கம் மட்டும் 3 செ.மீ. வரை குறைத்து விடுங்கள், இல்லாவிட்டால் இவ்வளவு கணக்குப் போட்டு வெட்டிய கால்கள் தெரியாமலே போய்விடும். கண்ணுக்கு 8 மி.மீ. கறுப்புப் பொத்தான், மூக்குக்கு ஒரு துண்டுத் தோல். இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வீட்டுக்குள் வைப்பதானால் சாய்தளம் வேண்டும். 30 செ.மீ. அகலத் தளத்துக்கு உயரப் பக்கம் 10.9 செ.மீ. வைத்தால் அதே 20 டிகிரி கிடைக்கும். படம் எடுக்கும்போது கைபேசியின் முன்பக்கக் கேமராவைப் பயன்படுத்தாதீர்கள். பல கைபேசிகளில் அது படத்தை இடவலமாகத் திருப்பிச் சேமிக்கும். வலம் வரும் ஹாகிஸ் படத்தில் இடம் வரும். படத்தில் கல்வெட்டோ பெயர்ப்பலகையோ தெரிந்தால் எழுத்தும் திரும்பி இருக்கும், மானம் போகும்.

வேட்டை

சிறுவர்களுக்கான இந்த விளையாட்டுக்குப் பருவம் நவம்பர் 30, அதாவது புனித ஆண்ட்ரூ நாள் தொடங்கி, கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் பிறந்தநாளான ஜனவரி 25 வரை. ஸ்காட்ஸ்மன் நாளிதழ் மலைகளைக் காட்டும் இணையக் கேமராக்களை வைத்து நடத்திய ஹாகிஸ் வேட்டையும் இந்த நாட்களுக்குள்தான். அந்த மாதங்களில் சூரியன் சீக்கிரம் மறையும். டிசம்பர் நடுவில் எடின்பரோவில் மாலை 3:40-க்கெல்லாம் மறைந்துவிடும். காலை 11 மணிக்குத் தொடங்கி ஒன்றரை மணி நேரத்தில் முடித்துக்கொள்ளுங்கள்.

இடம் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். எடின்பரோவின் ஆர்தர்ஸ் சீட் மாதிரி பெயர்பெற்ற மலையில் நடத்தத் தோன்றும், ஆனால் அதன் ஒரு பக்கத்தில் சாலிஸ்பரி கிராக்ஸ் என்ற செங்குத்துப் பாறைகள் உள்ளன. பிள்ளைகள் ஓடும் விளையாட்டுக்கு அது ஆகாது. 20 முதல் 25 டிகிரி சரிவுள்ள, 15 மீட்டர் நீளத்துக்குப் பாறையும் வேலியும் இல்லாத புல்மேடு, அடியில் சமதரை: இவ்வளவுதான் தேவை. 2003-ன் நிலச் சீர்திருத்தச் சட்டம் ஸ்காட்லாந்தில் பெரும்பாலான நிலத்தில் பொறுப்போடு நடமாட எல்லோருக்கும் உரிமை தருகிறது. ஆடு மாடு மேயும் இடத்தை விட்டு விலகி, கேட்டைத் திறந்தால் மூடி, வைத்த பொருளையெல்லாம் திரும்ப எடுத்துவந்துவிட வேண்டும். முந்தின நாளே போய் நடந்து பாருங்கள். பச்சைப் பசேலென்று பாசி அடர்ந்த இடம் பெரும்பாலும் சேறு, கணுக்கால்வரை இறங்கும்.

உருட்டிவிடுவதற்கு வேறொரு பொம்மை வேண்டும். குச்சிக்கால் பொம்மையை உருட்டினால் கால் முறியும், பிள்ளைகள் மேலும் படும். இது பந்து வடிவம்: நடுவில் 300 கிராம் அரிசியைத் துணிப்பையில் கட்டி, அதைச் சுற்றிப் பழைய கம்பளித் துணிகளை இறுக்கி அடைத்து, பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, அதன்மேல் மயிர்த்தோலைத் தையுங்கள். கால்கள் நுரைத்துண்டுகளில், இரண்டு நீளம் இரண்டு குட்டை. மொத்தம் 600, 700 கிராமுக்குள் இருக்கட்டும். அரிசிப்பை நடுவிலிருந்து விலகினால் பாதிவழியில் நின்றுவிடும். பிளாஸ்டிக் பையை விட்டுவிட்டால் ஈரப்புல்லில் தண்ணீர் குடித்துக் கனக்கும், பிள்ளைகள் மேல் உருளக்கூடாத கனத்துக்கு வந்துவிடும்.

பத்துப் பிள்ளைகளுக்கு மூன்று பெரியவர்கள். தடயங்களை முன்னதாக ஒருவர் போய் வைக்க வேண்டும்: 60 மீட்டர் தூரத்துக்கு, பத்து மீட்டருக்கு ஒன்று, எல்லாம் ஒரே மட்டத்தில். மேலே ஏறும் தடயம் ஒன்று இருந்தாலும் கூர்மையான பிள்ளை பிடித்துவிடும். வேலியில் சிக்கிய ஆட்டுமயிர் எங்கும் கிடைக்கும். கடுந்தேநீரில் ஓர் இரவு ஊறவைத்தால் பழுப்பேறும். கால்தடத்துக்கு உருளைக்கிழங்கை வெட்டி அச்சாக்கி, சேற்றில் மேட்டுப் பக்கம் லேசாகவும் பள்ளத்துப் பக்கம் அழுத்தியும் பதியுங்கள். புழுக்கை வைக்கச் சிலர் உலர்திராட்சையும் சாக்லேட்டும் எடுத்துவருவார்கள். இரண்டும் நாய்க்கு நஞ்சு. நாய் நடமாடாத சரிவே அங்கே கிடையாது. களிமண் உருண்டை போதும்.

தடயம் முடியும் இடத்தில் பிள்ளைகளிடமே கேளுங்கள்: இது வலம் வந்ததா, இடம் வந்ததா? எந்தக் கால் நீளம்? எந்தப் பக்கமாகப் போய் மறிப்பது? பதிலைச் சொல்லிக்கொடுக்காமல் விடுங்கள். மண்ணில் குச்சியால் கோடு போட்டு, தாங்களே ஒற்றைக்காலை மடக்கிச் சரிவில் நின்று பார்த்து, சண்டை போட்டுக் கண்டுபிடிப்பார்கள். வேட்டையில் மிகச் சிறந்த பத்து நிமிடம் இதுதான், அவசரப்படுத்தி வீணாக்காதீர்கள். பிறகு இரண்டு அணியாகப் பிரியுங்கள். ஓர் அணி ஒரு பெரியவரோடு ஹாகிஸ் ஓடும் திசைக்கு எதிர்த்திசையில் சத்தம் போட்டபடி நடக்கும். மறு அணி அடிவாரத்தில் ஒரு பழைய கம்பளியை நான்கு மூலையும் பிடித்து விரித்து நிற்கும். வலை வேண்டாம், விரல் சிக்கும். மேலே புதரில் ஒளிந்திருக்கும் மூன்றாமவர், சத்தம் நெருங்கியதும் பொம்மையைத் தள்ளிவிடுவார். கையால் எறியக்கூடாது, தரையில் வைத்து நகர்த்திவிட்டால் போதும், புல்லே உருட்டிக்கொண்டு போகும்.

பிடித்ததும் எடை போடுங்கள், கால்களை அளந்து எழுதுங்கள், விட்டுவிடுங்கள். கொல்வது வேண்டாம். உணவு விலங்கிலிருந்து வருகிறது என்பதையே ஜீரணிக்க முடியாத சின்னப் பிள்ளைகள் இருப்பார்கள், அவர்களுக்கு அன்றைய சாப்பாடு இறங்காது.

தட்டில் குட்டை உடைப்பது

அன்றைக்கே, அதே சாப்பாட்டு வேளையில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். தாமதித்தால், கேட்டவர் வேறு நாலு பேரிடம் சொல்லி அவமானப்படுவார், விளையாட்டு கசந்துபோகும். உண்மையைச் சொல்லச் சிறந்த சாதனம் ஹாகிஸேதான்.

கடையில் வாங்கும் ஹாகிஸ் ஏற்கெனவே வெந்தது, சூடாக்கினால் போதும். 500 கிராம் ஹாகிஸ் நான்கு பேருக்கு வரும். அலுமினியத் தாளில் சுற்றி, இரண்டு விரல் தண்ணீர் ஊற்றிய பாத்திரத்தில் வைத்து, 180 டிகிரி ஓவனில் சுமார் ஒரு மணி நேரம். கொதிக்கும் நீரில் தளதளவென்று வேகவிட்டால் உறை வெடித்து, ஓட்ஸ் எல்லாம் கஞ்சியாகிவிடும். வெளி உறை சில வகைகளில் பிளாஸ்டிக். லேபிளைப் படித்து அதன்படி செய்யுங்கள். ஸ்காட்லாந்து உணவகங்களில் மறுசூட்டுக்கு 82 டிகிரி என்பது வழக்கம். வெப்பமானி இருந்தால் நடுவில் குத்தி அதையே பாருங்கள்.

வாங்கும்போது கவனிக்க ஒன்று உண்டு. ஆட்டு ஹாகிஸ் என்று நினைத்து வாங்குவதில் மாட்டுக் கொழுப்பு இருப்பது சாதாரணம். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் உட்கூறுகளை ஒருமுறை படித்துவிடுங்கள். சைவ ஹாகிஸும் எளிதாகக் கிடைக்கிறது. 1984-ல் ஸ்காட்டிஷ் கவிதை நூலகத் திறப்புவிழாவுக்காக ஹாகிஸ் தயாரிக்கும் மேக்ஸ்வீன் குடும்பத்தார் செய்தது பரவி, இன்று பர்ன்ஸ் விருந்துகளில் இரண்டும் பக்கம் பக்கமாக வருகின்றன. அமெரிக்காவில் இருப்பவர்கள் இங்கே கிடைப்பதை அப்படியே எதிர்பார்க்க வேண்டாம். ஆட்டு நுரையீரலை உணவில் சேர்ப்பது அங்கே 1971 முதல் தடை.

துணைக்கு நீப்ஸ், டாட்டீஸ். டாட்டீஸ் என்பது உருளைக்கிழங்கு மசியல். நீப்ஸ் என்று இங்கே சொல்வது வெள்ளை டர்னிப் அல்ல; உள்ளே மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த, தேங்காயளவு பெரிய கிழங்கு. வெள்ளை டர்னிப்பில் செய்தால் தண்ணீர் விட்டு நீர்த்துப்போகும். 500 கிராம் கிழங்கை 2 செ.மீ. துண்டுகளாக்கி 25 நிமிடம் வேகவைத்து, வடிகட்டி, அடுப்பிலேயே இரண்டு நிமிடம் ஈரம் வற்றவிட்டு, வெண்ணெயும் மிளகும் சேர்த்து மசியுங்கள்.

முழு ஹாகிஸை அப்படியே மேசைக்குக் கொண்டுவாருங்கள். பர்ன்ஸ் 1786-ல் ஹாகிஸை விளித்துப் பாடிய கவிதையை வாசிக்கத் தெரிந்தவர் இருந்தால், கத்தி வரும் வரியில்தான் கீறுவார்கள். இல்லாவிட்டாலும் எல்லோரும் பார்க்கக் கீறுங்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நீளமாக ஒரே கீறல். உள்ளிருந்து மிளகும் ஈரலும் வறுத்த தானியமும் கலந்த ஆவி எழும், கரும்பழுப்பு நொய் பொலபொலவென்று தட்டில் சரியும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், ஆவி சுடும். பிள்ளைகள் எட்டிப் பார்ப்பார்கள்: எலும்பு இல்லை, கால் இல்லை. கேள்வி வரும் வரை காத்திருந்து, ஈரல், இதயம், நுரையீரல், ஓட்ஸ், கொழுப்பு என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். பெரியவர் யாராவது முழுக்க நம்பியிருந்தால் அவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். ஆட்டுத்தடங்களைப் பற்றி அவருக்கு முதலில் சொல்லுங்கள், அடுத்தமுறை மலைக்குப் போகும்போது இன்னொருவருக்குக் காட்ட அவரிடம் ஒன்று இருக்கும்.

மிஞ்சியதை ஆறவிட்டு, ஒன்றரை மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மறுநாள் காலையில் தட்டையாகத் தட்டி, வாணலியில் மொறுமொறுவென்று வறுத்து, முட்டையோடு சாப்பிடலாம்.